நாலு மணிப் படகு: மாஜுலியில் நான்கு நாள்

ஜனவரி 17, 2025, வெள்ளி

அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவின் நடுவே இருக்கும் ஆற்றுத்தீவு மாஜுலி. அங்கே போக ஜோர்ஹாட்டில் மூன்று மணிக்கு ஷேர் வண்டி ஏறினேன். நிமாத்தி படகுத்துறை அங்கிருந்து 14 கிலோமீட்டர். வண்டிக்குள் எட்டுப் பேர். வெளியே கடுகுப் பூ மஞ்சள் விரித்துக் கிடந்தும் யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் கைப்பேசியில் தெரிகிற மணியின் மேல்தான். நாலு மணிக்குப் போவதுதான் இன்றைக்குக் கடைசிப் படகு. அதை விட்டால் இக்கரையில் ராத்தங்க வேண்டியதுதான்.

சேலத்தில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறி ஜோர்ஹாட் பக்கத்து மரியானியில் இறங்கியவர்களுக்குத் தெரியும், கன்னியாகுமரியில் கிளம்பும் அந்த வண்டி திப்ருகர் வரை நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அத்தனை தூரத்தையும் தண்டவாளம் கடத்திவிடுகிறது. கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரை மட்டும் ஆறுதான் முடிவு செய்கிறது.

படகுத்துறை என்றதும் எங்கள் கொள்ளிடக்கரைப் படித்துறை போல ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்தேன். நிமாத்தியில் படியே இல்லை. மணல் சரிவு, அதன் முனையில் மிதக்கும் இரும்பு மேடை, பக்கத்தில் மூங்கிலும் தகரமுமாக வரிசையாய்ச் சாப்பாட்டுக் கடைகள். கடைக்காரர் ஒருவர் பால் விடாத சிவப்புத் தேநீர் தந்தார். லால் சா என்கிறார்கள். கடை எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறது என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். "கடை பழசுதான். இடம்தான் மாறிக்கிட்டே இருக்கும்" என்றார். மழைக்காலத்தில் கரை அரித்தால் மூங்கிலைப் பிரித்து, தகரத்தைச் சுருட்டி, பின்னால் போய் மறுபடி நட வேண்டும். தண்ணீர் வற்றினால் ஆற்றைத் தேடி முன்னால் போக வேண்டும். அவர் விரல் நீட்டிக் காட்டிய பழைய இடத்தில் இப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

படகு இரும்பு அடிக்கட்டும் மரத்தளமும் கொண்டது. பயணிகள் கீழே இறங்கிப் பலகையில் உட்கார வேண்டும். இரண்டு கார்களைக் கரையிலிருந்து தளத்துக்கு ஏற்றினார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டே பலகைகள். டிரைவர் பலகையைப் பார்க்கவே இல்லை, எதிரில் நின்ற கலாசியின், அதாவது படகுப் பணியாளரின், உள்ளங்கையை மட்டும் பார்த்து ஓட்டினார். கை இடப்பக்கம் சாய்ந்தால் இடம், மூடினால் நிறுத்தம். பைக்குகள் கூரை மேல் ஏறின. அப்புறம் சாமான்கள்: கேஸ் சிலிண்டர், கோழிக்குஞ்சுக் கூடை, தகரக் கட்டு, பாக்குக் கன்றுகள், மருத்துவமனை உறையில் எக்ஸ்ரே.

படகை ஓட்டுகிறவரைச் சுக்கானி என்று கூப்பிட்டார்கள். காதில் விழுந்ததும் உடம்பு சிலிர்த்தது. சுக்கான் பிடிப்பவன் நமக்கும் சுக்கானிதானே! அரபுக் கப்பல்காரர்கள் கடல் வழியே கொண்டுவந்து கொடுத்த சொல், நம் கடற்கரையிலும் இந்த ஆற்றிலும் ஒரே மாதிரி தங்கியிருக்கிறது.

ஏறியதும் உயிர்காப்புச் சட்டை கொடுத்தார்கள். போட்டுக்கொண்டால்தான் படகு கிளம்பும் என்றார் கலாசி. 2021 செப்டம்பர் 8 அன்று இதே நிமாத்தி துறைக்கு அருகில் மாஜுலிக்குக் கிளம்பிய தனியார் படகும் அக்கரையிலிருந்து வந்த அரசுப் படகும் மோதிக்கொண்டன. தனியார் படகு கவிழ்ந்து உயிர்ச்சேதம் ஆனது. அதன் பிறகுதான் ஒற்றை எஞ்சின் தனியார் படகுகளுக்குத் தடை வந்தது. என் பக்கத்தில் இருந்த அம்மா சட்டையின் வாரை மூன்று முறை இழுத்துப் பார்த்துக் கட்டினார். அந்தத் தேதியை இங்கே யாரும் மறக்கவில்லை.

ஆற்று நடுவில் போனதும் எஞ்சின் சத்தம் இறங்கியது. முன்முனையில் ஒரு பையன் நீண்ட மூங்கில் கழியோடு வந்து நின்றான். கழியை முன்னால் வீசிக் குத்துவான், படகு அதைத் தாண்டுவதற்குள் உருவுவான், ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்து ஒரு சொல் கூவுவான். அதைக் கேட்டுச் சுக்கானி படகைத் திருப்புவார். ஜனவரியில் பிரம்மபுத்திராவுக்கு அகலம் உண்டு, ஆழம் கிடையாது. நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று மணலாக இருக்கலாம். அதனால் படகு நேரே போகாமல் பாம்பு போல வளைந்து வளைந்து போனது. அஸ்ஸாமில் இந்த மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். இருட்டில் மூங்கிலின் ஈரத்தை யார் பார்ப்பது? கடைசிப் படகு ஏன் நாலு மணிக்கு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கமலாபாரி துறையில் இறங்கும்போது மேற்கே ஒரு கீற்றுச் சிவப்பு மட்டும் இருந்தது. மணலில் வண்டிச் சக்கரம் புதையாமல் இருக்க வைக்கோல் பரப்பியிருந்தார்கள். ஈர வைக்கோல் வாசனையில் நடந்து, சுமோ ஏறி, தங்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஜனவரி 18, சனி

வாடகை சைக்கிள். காலையில் பனி. போகாலி பிஹு முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. நம் பொங்கலும் அவர்கள் பிஹுவும் ஒரே அறுவடையின் திருநாள்கள். அறுத்த வயல்களில் மேஜி என்கிற பிஹுச் சொக்கப்பானை கொளுத்திய சாம்பல் வட்டங்கள் இன்னும் கறுத்துக் கிடக்கின்றன.

மாஜுலி என்றால் எல்லோரும் முதலில் சொல்வது சத்ராக்களை. சங்கரதேவரும் அவர் சீடர் மாதவதேவரும் 16ஆம் நூற்றாண்டில் பரப்பிய வைணவத்தின் மடங்கள். உத்தர கமலாபாரி சத்ராவில் பத்து வயதுப் பையன்கள் மிருதங்கம் போன்ற, கழுத்தில் தொங்கும் கோல் என்ற தாளவாத்தியத்தை முழக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். இந்த மடங்களில் வளர்ந்த சத்ரியா ஆட்டத்தை 2000ஆம் ஆண்டில்தான் சங்கீத நாடக அகாதமி செவ்வியல் நடனமாக ஏற்றது. சாமகுரி சத்ராவில் மூங்கில் பின்னி, துணி ஒட்டி, களிமண்ணும் சாணமும் பூசிச் செய்கிற முகமூடிகளைப் பார்த்தேன். 2024 மார்ச்சில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இவற்றைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு மனதில் நின்றது வேறு. ஒரு காலத்தில் தீவில் அறுபதுக்கு மேல் இருந்த சத்ராக்களில் இப்போது மிச்சம் இருபத்து சொச்சம். மற்றவை ஆறு அரித்துவர அரித்துவர மூட்டை முடிச்சோடு அக்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. முந்நூறு நானூறு வருஷத்து மடம், சுவடியும் விக்கிரகமும் நாமகர் என்ற வழிபாட்டுக்கூடத்தின் தூண்களுமாகப் படகில் ஏறிப் போயிருக்கிறது.

மதியத்துக்கு மேல் சால்மோரா. தீவின் தென்கிழக்கு ஓரத்தில் குயவர் ஊர். இங்கே சக்கரம் கிடையாது. பெண்கள் களிமண்ணை அடி வட்டமாகத் தட்டி, உள்ளே ஒரு கையும் வெளியே மரத்தட்டுமாக அடித்து அடித்தே பானையின் வயிற்றை எழுப்புகிறார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு பாய்தேவ், அதாவது அக்கா, பேசிக்கொண்டே கால்மணி நேரத்துக்குள் ஒரு பானையை முடித்தார். ஆண்கள் சூளை வைக்கிறார்கள், படகும் கட்டுகிறார்கள். சுட்ட பானைகளை வைக்கோல் வைத்துப் படகில் அடுக்கி ஆற்றோரமாகவே ஊர் ஊராகப் போய் நெல்லுக்கு மாற்றிவருவது பழைய வழக்கம்.

"இப்பவும் நெல்லுக்குத்தானா?"

"நெல்லும் உண்டு, காசும் உண்டு. எங்க வீட்டுக்காரர் படகுல போனா பத்து நாள் கழிச்சுத்தான் வருவார். எந்தத் துறையில இருக்கார்னு முன்னெல்லாம் தெரியாது. இப்ப போன் இருக்கு."

அவர் வீட்டுக்குப் பின்னால் நூறடியில் கரை. நடந்து போய்ப் பார்த்தேன். கத்தியால் வெட்டிய மாதிரி செங்குத்தாக நிற்கிறது. வெட்டுவாயில் அடுக்கடுக்காக மணல், வண்டல், மறுபடி மணல். நான் நிற்கும்போதே ஒரு கை அகல மண் பெயர்ந்து சொத்தென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அங்கே விளையாடிய பிள்ளைகள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

1950 ஆகஸ்ட் 15இல் அஸ்ஸாமை உலுக்கிய நிலநடுக்கம் 8.6 அளவு. இமயமலைச் சரிவுகள் இடிந்து ஆற்றில் இறங்கின. திப்ருகர் பக்கம் ஆற்றின் அடிமட்டமே உயர்ந்தது. ஆழம் போன ஆறு அகலத்தைத் தேடியது. அந்த அகலம் மாஜுலியின் வயல்களிலிருந்து எடுக்கப்பட்டது. நூறு ஆண்டுக்கு முன் இருந்த தீவில் பாதிக்கு மேல் இப்போது இல்லை. கரையோரம் ஒன்றோடொன்று கோத்த காங்கிரீட் கம்பங்களை வரிசையாக இறக்கியிருக்கிறார்கள். முள்ளம்பன்றி என்று பெயர். தண்ணீரின் வேகத்தைக் குறைத்து வண்டலைப் படிய வைப்பதற்காக. சில இடங்களில் படிந்திருக்கிறது. சில இடங்களில் முள்ளம்பன்றிகள் நடு ஆற்றில் நிற்கின்றன, கரை அவற்றை விட்டுப் பின்வாங்கிவிட்டது.

ஒரு சின்னப் பானை வாங்கினேன். காசு வாங்க அவர் கொஞ்சம் தயங்கினார். ஊர் எது என்று கேட்டார். ஆற்றங்கரை ஊர் என்றதும் உள்ளே போய் எள் பிட்டா என்கிற அரிசிப் பலகாரம் இரண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே ஊரில். ஆற்றோரத்து மிசிங் பழங்குடியினரின் குடியிருப்பு. என்னைத் தங்க வைத்திருக்கும் தாதாவின், அதாவது அண்ணனின், மாமனார் வீடு அங்கேதான். மூங்கில் கால்கள் மேல் ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்டிய சாங் வீடு. ஏணி வைத்து ஏற வேண்டும். வீட்டுக்கு அடியில் தறி, பன்றி, கோழி, அப்புறம் கவிழ்த்து வைத்த ஒரு சிறு படகு. அடுத்த வீட்டுக்கு அடியிலும் ஒன்று. எண்ணிக்கொண்டே போனேன். படகு இல்லாத வீடு இரண்டோ மூன்றோதான். ஜூலையில் வெள்ளம் வரும்போது ஏணியின் கடைசிப் படியில் இந்தப் படகைக் கட்டுவார்கள். பள்ளிக்கும் கடைக்கும் மாட்டுக்குப் புல் அறுக்கவும் அதுதான்.

பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். கலாசியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அபோங் என்கிற அரிசி மது ஒரு கிண்ணம் எனக்கும் ஊற்றி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். அவர் அப்பா காலத்தில் நீராவிக் கப்பல்கள் நிமாத்திக்கு வரும். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக் கொண்டு ஆற்றோடு கல்கத்தா வரை போகும். 1965 போரில் கிழக்குப் பாகிஸ்தான் வழி அடைபட்டது, அதோடு அந்தக் கப்பல்களும் நின்றன. "பெரிய கப்பல் போச்சு. சின்னப் படகு நின்னுச்சு. சின்னப் படகு யாருக்கு ஓடுது? எங்களுக்கு" என்றார்.

பேச்சு ராத்திரிக்கு வந்தது. ராத்திரி என்றால் இந்த ஊரில் பிரசவ வலியும் பாம்புக்கடியும்தான். அவர் பெரிய மகளுக்கு இரவு பத்து மணிக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை, குறுக்கே கிடந்தது. தீவில் அந்த நேரத்தில் அறுவை செய்ய ஆள் இல்லை, ஜோர்ஹாட்டுக்குப் போகச் சொன்னார்கள். துறையில் படகு கட்டிக் கிடக்கிறது, மூடுபனி ஆற்றை மறைத்துக் கிடக்கிறது. "நானே படகுக்காரன். என் பொண்ணைக் கொண்டுபோக எனக்கே துணிச்சல் வரல. மணல்ல ஏறிட்டா விடியிற வரைக்கும் நடு ஆத்துல கிடக்கணும்." விடிய விடியக் காத்திருந்து முதல் வெளிச்சத்தில் கிளம்பினார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. சொல்லிவிட்டு வெளியே ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அபோங் இறங்கவில்லை.

இந்த ஊர்களுக்கும் நடு ஆற்று மணல் திட்டுகளுக்கும் வைத்தியரைப் படகிலேயே அனுப்பும் முயற்சி 2005இல் தொடங்கியது. வடகிழக்கு ஆய்வு மையம் என்ற அமைப்பு திப்ருகரில் கட்டிய முதல் மருத்துவப் படகுக்கு அகா என்று பெயர், நம்பிக்கை என்று பொருள். திட்டுகளைச் சாப்போரி என்கிறார்கள். எங்கள் கொள்ளிடத்துத் திட்டும் படுகையும் போலத்தான். குடும்பம், மாடு, கடுகு, உளுந்து எல்லாம் உண்டு. சாலை வராது, வந்தாலும் அடுத்த வெள்ளத்தில் இருக்காது. தடுப்பூசியும் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனையும் ஆற்றின் மேல் மிதந்துதான் வர வேண்டியிருக்கிறது.

பெரியவர் இன்னொரு பெயரையும் சொன்னார். சஞ்சய் கோஷ். 1990களில் மனைவியோடும் சில நண்பர்களோடும் வந்து தங்கி, ஊராரைத் திரட்டி, மூங்கிலும் உள்ளூர் உழைப்புமாகக் கரையைக் காக்க முயன்றவர். கரை அரிப்பைத் தடுக்க வெளியூர் ஒப்பந்தக்காரர் வேண்டும் என்பதில்லை, கரையில் வாழ்கிறவனால் முடியும் என்று செய்து காட்டினார். 1997 ஜூலை 4 அன்று உல்ஃபா தீவிரவாதிகள் அவரைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள். "அந்தக் கரையில நானும் மண் சுமந்தேன்" என்று தோளைத் தொட்டுக் காட்டினார் பெரியவர். இருபத்தேழு வருஷம் ஆகிறது. தீவுக்கு வரும் பயணிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பாலம் பற்றிக் கேட்டேன். கேட்காமல் எப்படி? ஜோர்ஹாட்டையும் மாஜுலியையும் சேர்க்க எட்டு கிலோமீட்டர் அளவில் ஒரு பாலத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் போட்டார்கள். இன்னும் முடியவில்லை. 2018 அக்டோபரில் லாரிகளை ஏற்றும் பெரிய ரோ ரோ கப்பல் விட்டபோது, தேஸ்பூர் பாலம் சுற்றி 423 கிலோமீட்டர் போக வேண்டிய சரக்கு 12.7 கிலோமீட்டரில் வந்துவிடும் என்று அரசு அறிவித்தது. சுற்றுவழியின் நீளத்தை அந்தக் கணக்கே சொல்கிறது. 2016இல் மாஜுலி தனி மாவட்டமானது. நாட்டிலேயே முதல் ஆற்றுத்தீவு மாவட்டம். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் சனம். இருந்தும் நாலு மணிக்குப் பிறகு தென்கரைக்கு வழி இல்லை.

பாலம் வந்தால் தீவின் அழகு போய்விடும் என்று ஜோர்ஹாட்டில் ஒரு சுற்றுலாக்காரர் என்னிடம் வருத்தப்பட்டார். எனக்கும் படகு பிடிக்கும். ஆனாலும் பெரியவர் சொன்ன அந்த ராத்திரியைக் கேட்டுவிட்டு அந்த வருத்தத்தை என்னால் பகிர்ந்துகொள்ள முடியாது. பாலம் வரட்டும், சீக்கிரம் வரட்டும். என் கவலை வேறு. மேலே திப்ருகர் அருகே போகிபீல் பாலம் 2018 டிசம்பரில் திறந்ததும் அங்கே ஓடிய படகுகளின் பிழைப்பு சுருங்கிப் போனது. பாலம் இரண்டு கரைகளைச் சேர்க்கும். நடுவில் இருக்கும் திட்டுக்காரர்களுக்கு அது தலைக்கு மேல் போகிற சாலை. அவர்களுக்குப் படகு அப்போதும் வேண்டும். இதைப் பெரியவர்தான் முதலில் சொன்னார், நான் யோசித்ததல்ல.

சாயங்காலம் மணல் வெளியில் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு இரண்டாகப் பறவைகள். சக்கரவாகம். சகோய் சகோவா என்கிறார்கள் இங்கே. ராத்திரியில் ஜோடி பிரிந்து ஆற்றின் இரு கரையிலும் நின்று ஒன்றை ஒன்று கூப்பிடும் என்று பழைய கவிதைகள் சொல்லும் அதே பறவை. இந்த ஆற்றைப் பார்த்தவர் கட்டிய கதையாகத்தான் இருக்கும்.

ஜனவரி 20, திங்கள்

விடிகாலையில் துறைக்கு வந்தாயிற்று. முதல் படகு கிளம்பவில்லை. மூடுபனி. முன்னால் நிற்கிற படகின் முனைகூடத் தெரியவில்லை. திங்கட்கிழமை என்பதால் கூட்டம். ஜோர்ஹாட்டில் படிக்கும் பிள்ளைகள், வங்கி வேலைக்குப் போகிறவர், பால் கேன்கள், மீன் கூடைகள். வைக்கோலைக் கொளுத்தி ஐந்தாறு பேர் குளிர் காய்ந்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்திக்குப் பத்து மணிக்குத் தேர்வு. புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள், பக்கம் திரும்பவே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஆற்றைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நான் வந்த அதே சுக்கானி. கரையில் நின்று எதிரே ஒரு மூங்கில் அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தெரிந்தால் கிளம்பலாமாம். ஒரு ஆள் சத்தம் போட்டார், எத்தனை நேரம் என்று. சுக்கானி திரும்பவில்லை. "நீ பார்த்துச் சொல்லு, நான் எடுக்கிறேன்" என்றார் அமைதியாக. அந்த ஆள் பேசாமல் நெருப்புக்குப் போய்விட்டார்.

எட்டரைக்கு மூங்கில் தெரிந்தது. யாரும் சொல்லாமலே கூட்டம் முழுக்க ஏறிவிட்டது.

போகும்போது நீரோட்டத்துக்கு எதிரே, நேரம் அதிகம். நடு வழியில் அடியில் கரகரவென்று சத்தம், படகு உதறி நின்றது. தரை தட்டிவிட்டது. கழிப் பையனோடு இன்னும் இரண்டு பேர் முன்முனைக்கு ஓடினார்கள். மூன்று கழிகளையும் மணலில் ஊன்றித் தோள் கொடுத்தார்கள். சுக்கானி எஞ்சினைப் பின்னோக்கி முறுக்கினார். பயணிகளைப் பின்பக்கம் போகச் சொன்னார்கள். எழுபது எண்பது பேர் குழந்தையும் கூடையுமாக எழுந்து பின்னால் நகர்ந்தோம். முனை ஒரு சாண் எழும்பியது, மணல் விட்டது. எல்லாம் நாலைந்து நிமிஷம். பின்பக்கம் நெருக்கியடித்து நிற்கையில் தேர்வுப் பெண் என் பக்கத்தில் நின்றாள். மணி ஒன்பதரை ஆகப் போகிறது. தேர்வுக்கூடத்தில் தெரியுமா, படகு தாமதம் என்றால் விடுவார்களா என்று கேட்டேன்.

"சில நாள் விடுவாங்க. சில நாள் சார் யார்னு பார்க்கணும்" என்றாள்.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் நிமாத்தி தெரிந்தது. பலகை போடும் முன்பே அவள் மேடைக்குத் தாவிவிட்டாள். மணல் சரிவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். மேலே வரிசையாக நின்ற பைக்குகளில் ஒன்று ஏற்கெனவே உறுமிக்கொண்டு தயாராக இருந்தது. யாரோ தம்பியாக இருக்க வேண்டும். பின்னால் ஏறி உட்கார்ந்ததும் புழுதி கிளம்பியது.

நான் சால்மோரா பானையை வைக்கோலில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு லால் சா கடைக்குப் போனேன். கடை இரண்டு ஆள் நீளம் பின்னால் தள்ளி நின்றது. மூன்று நாளில் அவ்வளவு அரித்திருக்கிறது. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கிளாஸைக் கழுவினார். கீழே கலாசி, அக்கரைக்குப் போகும் முதல் காருக்கு உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தார்.